ஆறாத எண்ணெய்

தொழிற்சாலையில் அவளைப் 'புளிப்பு மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வுக்கூடத்தை யார் எட்டிப் பார்த்தாலும், "இன்னிக்கும் புளிப்பு ஏறித்தான் இருக்கு" என்று புலம்பிப் புலம்பியே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் சொன்னது அங்கே தயாராகும் எண்ணெயின் புளிப்பை. மரத்தூளையும் வைக்கோலையும் காற்றுப் புகாத உலையில் போட்டுச் சூடேற்றி, கிளம்புகிற ஆவியைக் குளிரவைத்தால் அது சொட்டுச் சொட்டாக இறங்கும். கரும்பழுப்பு நிறம், தொண்டையைப் பிடிக்கும் புகைநாற்றம், இரும்பையே அரித்துவிடும் புளிப்பு. எரித்தால் நன்றாகத்தான் எரியும். ஆனால் மண்ணெண்ணெய் மாதிரி வைத்த இடத்தில் சும்மா கிடக்காது. மூடிவைத்தாலும் உள்ளுக்குள் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். நாளாக நாளாகக் கூழாகும், வாயு கக்கும். வெயில் பட்டால் கேட்கவே வேண்டாம். அதை அடக்கி ஒடுக்கி வைக்க வழி தேடுவதுதான் அவளுடைய வேலை.

அவள் தம்பிக்கு ட்ரம் கிடங்கில் வேலை. எந்த இடத்திலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை முதலாளியிடம் கெஞ்சி உள்ளே சேர்த்துவிட்டதே அவள்தான். வந்த பிறகு ஆளே மாறிப்போனான். வாய்தான் மாறவில்லை. "எங்க அக்கா பெத்துப் போடுறா, நான் ட்ரம்ல போட்டுத் தாலாட்டுறேன்" என்று கிடங்கையே சிரிக்க வைப்பான்.

அந்தக் கோடையில் ஒரு நாள் மத்தியானம், ஆய்வுக்கூட ஜன்னலில் அவன் தலை தெரிந்தது.

"அக்கா, ட்ரம்ல உன் பிள்ளைங்க வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதுங்க. வந்து பாரு."

"வெயில்லயா வச்சிருக்கே?"

"நானா வச்சேன்? உள்ள இடமில்லன்னு முதலாளிதான் வெளியே அடுக்கச் சொன்னாரு. லாரி வந்து நிக்குது, மனுஷன் குதிக்கிறாரு."

"எதையும் தொடாதே. மேல தண்ணி அடிச்சுக்கிட்டு இரு. அடுப்பை அணைச்சிட்டு வர்றேன்."

அடுப்பை அணைத்துக் கையுறையைக் கழற்றுவதற்குள் வெளியே டமார் என்று ஒரு சத்தம். பிறகு யாரோ கத்துகிற சத்தம். அது தம்பியின் குரல் என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

லாரி காத்திருக்கிறதே என்று அவன் உப்பிய ட்ரம் ஒன்றின் மூடியைத் திருகியிருக்கிறான். மூடி பிய்த்துக்கொண்டு போக, சூடான எண்ணெய் பீறிட்டு முகத்தில் அடித்துவிட்டது. அவள் அவன் தலையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். "கண்ணைத் திற, கண்ணைத் திறடா" என்று அலறிக்கொண்டே தண்ணீர் விட்டாள். அவனால் திறக்க முடியவில்லை.

வலது கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இடது கண்ணைப் பற்றி அவர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒரு நாள் அவன் மனைவி அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இனிமே வராதீங்க. குளிச்சிட்டு வந்தாலும் உங்க மேல அந்த நாத்தம் போகல. நீங்க வந்துட்டுப் போனா அவர் ராத்திரி பூரா நடுங்குறாரு."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் முந்தானையை முகர்ந்து பார்த்தாள். புகைநாற்றம் அடிக்கத்தான் செய்தது.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்துக் கிடங்கு ஆட்களே பயந்தார்கள். எண்ணெயைச் சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றி வெதுவெதுப்பான அடுப்பில் வைப்பாள். வெயிலில் மாதக்கணக்கில் ஆகிற கெடுதல் அதில் சீக்கிரமே தெரிந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் கூழாகிக் கிடக்கும். கழுவிவிட்டு மறுபடியும் வைப்பாள். மறுபடியும் கூழ். சாப்பிட்டாயா என்று கேட்டால், "ம்" என்பாள். டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடக்கும்.

எண்ணெய் இறங்கிய சூட்டோடு அதில் எரிசாராயத்தைக் கலந்து பார்த்தாள். எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடியது, அடுப்பில் வைத்தும் கெடவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தீப்பொறி காட்டிச் சோதித்தபோது குப்பென்று பற்றிக்கொண்டது. முன்பெல்லாம் இவ்வளவு லேசாகப் பற்றாது. முகத்தில் அடிப்பதை நிறுத்தப்போய், ஆளையே கொளுத்துவதாக ஆகிவிட்டது.

முதலாளிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "ஓடுதுல்ல? அது போதும். ஏத்தி அனுப்பு."

"பொறி பட்டா போச்சு சார். அதுக்கு வேற டேங்க், வேற லாரி வேணும்."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

அவள் நேராக வாசலுக்குப் போய் லாரி டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பீடியை அவசரமாகத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு, வெறும் லாரியோடு திரும்பிப் போனார். முதலாளி எல்லார் முன்னாலும் அவளைக் கண்டபடி ஏசினார். வேலையை விட்டுவிடலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டாள். கிடங்கைத் தாண்டும்போது தம்பி இருந்த இடத்தில் வேறொருவன் நின்று ட்ரம் உருட்டிக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்து பையை ஆய்வுக்கூட ஆணியில் மறுபடியும் மாட்டினாள்.

மொத்தமாக அடக்க முடியாததைப் பிரித்தாவது பார்ப்போமே என்ற எண்ணம் வந்தது அப்போதுதான். ஆவியை ஒரேயடியாகக் குளிரவைக்காமல், முதலில் கொஞ்சமாகக் குளிரவைத்துக் கெட்டியானதைத் தனியாக இறக்கினாள். புளிப்பெல்லாம் கலந்த தண்ணீர் அடுத்த குழாயில், தனியாக இறங்கியது. வாங்கினவர்கள் கூழான ட்ரம்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்ததால் முதலாளியும் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

கெட்டி எண்ணெய் அடுத்த கோடையைத் தாக்குப்பிடித்தது. ஆனால் சூடாக்காமல் அது குழாயில் நகராது. புளித்த தண்ணீரை என்ன செய்வதென்றும் தெரியவில்லை; பிளாஸ்டிக் தொட்டிகளில் சேர்ந்துகொண்டே போனது. முன்னைக்கு இப்போது ஆபத்து குறைவு, அவ்வளவுதான். அதற்குள் தம்பியின் இடது கண்ணும் போய்விட்டிருந்தது.

அந்தச் செய்தி தெரிந்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வேறு சேலை வாங்கிக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"அக்காவா?"

"ம்."

அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு, "இப்ப ட்ரம்மெல்லாம் யாரு திறக்கறாங்க?" என்றான்.

"பழைய எண்ணெய் இன்னும் கொஞ்சம் கிடக்கு. அதை மட்டும் நான் திறக்கறேன். வேற யாரையும் விடறதில்ல."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" அவன் கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து அவன் மனைவி ஓடி வந்தாள். "நீயும் இப்படி வந்து உக்காரணுமா? யாரைக் கேட்டுத் திறக்கறே?"

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை. அதைப் பார்க்கத் தம்பிக்குக் கண் இல்லையே என்று நினைத்தபோது இன்னும் அதிகமாக வந்தது.

அவன் கையால் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "நேரா நிக்காதே. பக்கவாட்டுல நில்லு. பெரிய மூடியைத் தொடாதே, சின்ன மூடி. அதையும் ஈரச் சாக்கைப் போட்டு, கொஞ்சூண்டு திருப்பிட்டு விட்டுடு. இரைச்சல் நிக்கிற வரைக்கும் கிட்ட போகாதே. எவன் கத்தினாலும் போகாதே. கேக்குதா?"

"கேக்குது."

"திருப்பிச் சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.