ராஜா மறந்த வசனம்

மேடையில் பேச வந்த யாராவது பாதியில் நின்றுவிட்டால் இன்றைக்கும் என் கால் தானாக ஆடத் தொடங்கும். மகளுடைய பள்ளி ஆண்டுவிழாவில்கூட அப்படித்தான் எழுந்து வெளியே வந்து, வண்டிகள் நிற்கிற இடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

இது தொடங்கியது நான் நான்காவது படித்தபோது. அந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் பங்குச் சாமியார் கிரேக்க நாட்டுப் பழைய நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். ஊருக்குக் கேடு வருகிறது. அதற்குக் காரணமானவனைக் கண்டுபிடித்துத் துரத்துவேன் என்று ராஜா எல்லார் முன்னாலும் சத்தியம் பண்ணுகிறான். தேடிப் போனால் அவனேதான் அந்த ஆள். ராஜா வேஷம் அப்பாவுக்கு. அவர் உப்பளத்தில் மேஸ்திரி. குரல் நாலு பாத்தி தாண்டிக் கேட்கும். அதே அளத்தில் வேலை செய்த அவர் தம்பி, என் சித்தப்பா, தூதன்.

"கிரேக்கம்னா திண்டிவனத்துக்கு அந்தாண்டையா சாமி?" என்று கேட்டார் சித்தப்பா. வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொள்ளச் சொன்னதும், "ராஜாவுக்கும் போர்வை, எனக்கும் போர்வை. ஊருக்கே ஜுரம் போல" என்றார்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளி விட்டதும் நான் நோட்டோடு அளத்துக்குப் போய், வரப்பில் அவர் பின்னாலேயே நடந்து வசனம் சொல்லிக்கொடுப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். நாடகத்தில் ஊர்ஜனமாகப் பத்துப் பேரோடு நின்று சேர்ந்து பேசுகிற வேஷம்தான் எனக்கு. வரப்பில் மட்டும் நான் வாத்தியார். கடைசி வசனம் அவருக்கு வரவே இல்லை. 'நான் தேடிய குற்றவாளி நானே.' அவர் "நான்தான்" என்பார். "'நானே'ப்பா" என்பேன்.

ஒரு சாயங்காலம் அப்பா குனிந்து ஒரு மடையை வெட்டித் திறந்தார். கொஞ்சம் தண்ணீர் போனதும் அடைக்க வேண்டும். அதற்குள் அந்தக் கடைசி வசனம் வாயில் சிக்கிக்கொண்டது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வரப்பின் கடைசிவரை போனோம். அங்கே ஒருவழியாக வாய்க்கு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே ஒத்திகைக்குப் போய்விட்டோம்.

காலையில் பார்த்தால், வாரி எடுக்கத் தயாராக இருந்த ஆறு பாத்தி உப்பு இல்லை. திறந்து கிடந்த மடை வழியாக, இன்னும் உப்பு இறுகாத தண்ணீர் புகுந்து அத்தனையும் கரைந்துவிட்டது. அப்பா வரப்பில் ஏறி நின்றார்.

"எவன் தொறந்திருந்தாலும் சரி, என் ரத்தமா இருந்தாலும் சரி. அந்தக் கை இனிமே இந்த அளத்துல மண்வெட்டி புடிக்கக் கூடாது."

ஒத்திகையில் பேசுகிற அதே குரல். எனக்குப் பெருமையாக இருந்தது.

முந்தின நாள் மடை பார்க்கிற முறை சித்தப்பாவுடையது.

"நான் அடைச்சிட்டுத்தாண்ணா போனேன்."

"அடைச்ச மடை தானா தொறந்துக்குமா?"

சித்தப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். மறுநாளே கீழ்புத்துப்பட்டில் செங்கல் சுமக்கப் போனார். ஆனால் ஒத்திகைக்கு மட்டும் தவறாமல் சைக்கிளில் வந்தார். தூதனாக ராஜாவை வணங்குவார். மேடையை விட்டு இறங்கினால் அப்பா இருந்த பக்கம் திரும்ப மாட்டார்.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் சாமியார் கேட்டார், இந்த நாடகத்து ராஜா நல்ல ராஜாவா என்று.

"சொன்னதச் செஞ்சான் சாமி. வேற என்ன வேணும்" என்றார் அப்பா.

சித்தப்பா போர்வையை மடித்துக்கொண்டே, "விசாரிக்கறதுக்கு முன்னியே தீர்ப்பு சொல்லிட்டான். அவன நம்பி எவன் இருப்பான்?" என்றார்.

"ஏம்பா, சுத்தி நின்னுதே ஊர்ஜனம், அதுக்கு வாய் இல்லியா?" என்றார் உப்பு மூட்டை தைக்கிற ஒருவர். எல்லாரும் எங்கள் வரிசையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடை ஞாபகம் வந்தது. ஆனால் அப்பா மேஸ்திரி. மேஸ்திரி திறந்தால் அது எப்படித் தப்பாகும்? அவர் தேடுவது வேறு யாரோ தப்பாகத் திறந்த மடையை என்றுதான் நினைத்தேன். நினைத்தும் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தேன்.

திருவிழா அன்று பொழுது சாயும்போது நாடகம். அப்பா ஒரு வார்த்தை பிசகாமல் பேசி வந்தார். கடைசியில், "நான் தேடிய குற்றவாளி..." என்றவர் நின்றுவிட்டார். எதிரே சித்தப்பா. அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜனம் சலசலத்தது. ஒருவன் விசில் அடித்தான். என்னால் தாங்க முடியவில்லை. வரிசையை விட்டு முன்னால் வந்து, அதுவரை பேசாத உரத்த குரலில் சொன்னேன்.

"'நானே'ப்பா. அன்னிக்கு மடை தொறந்துட்டு வரப்புல சொல்லிக்கினே போனமே, அது."

கூட்டம் சிரித்தது. அளத்துக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா சித்தப்பாவிடம் மெதுவாக, "நான்தான்" என்றார். இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் தப்பாகவே சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் காலையில் அப்பா தன் மண்வெட்டியைச் சித்தப்பா வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, பெருமுக்கல் பக்கம் கல் உடைக்கக் கிளம்பினார். சித்தப்பா பஸ் நிற்கும் இடம்வரை பின்னாலேயே ஓடினார்.

"வாண்ணா. எவனும் ஒண்ணும் சொல்லலியே."

"நான் சொன்னனே" என்றார் அப்பா.

ஊர் முன்னால் வசனத்தை மறந்து நின்ற அவமானத்தில்தான் அவர் அளத்தை விட்டுப் போனார் என்று நான் நினைத்தேன். நான் இரகசியமாக எடுத்துக் கொடுத்திருக்கலாம், கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அந்த நினைப்பில் பல வருஷம் எங்கேயும் வாய் திறக்காமல் இருந்தேன். பிறகுதான் புரிந்தது, அன்றைக்கு அந்த இடத்தில் அவருக்கு வசனம் மறக்கவில்லை. மடை ஞாபகம் வந்திருந்தது.