இரண்டு முறை நிரப்பிய குளம்

நீச்சல் குளம் கட்டும் நிறுவனத்தில் நான் சைட் இன்ஜினியர். எங்களுக்குக் கோடைதான் சீசன். தண்ணீர் கிடைக்காத மாதங்களும் அவையே. ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீ சிட்டிக்குத் தொழிற்சாலைகள் வந்தபின் ஆர்டர்கள் பெருகின. ஒரு கோடையில் எங்கள் ஊரான குடிபாலாவுக்குப் பக்கத்திலேயே ஒரு ரிசார்ட் வேலை வந்தது.

கட்டி முடித்த குளத்தை நிரப்பி, மட்டத்தைக் குறித்து, கசிவு பார்ப்போம். அதற்கு முன் சரிபார்க்க என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. அந்த ரிசார்ட்டில் அடியிலுள்ள வடிகால் குழாயின் இணைப்பைப் பார்க்காமலே அதற்கு டிக் போட்டிருந்தேன். டேங்கர் தண்ணீரால் நிரப்பிய மறுநாளே மட்டம் நான்கு விரல் இறங்கியிருந்தது. மொத்தத் தண்ணீரையும் மோட்டார் வைத்து வெளியேற்றி, இணைப்பைச் சரிசெய்து, மறுபடி டேங்கர் சொன்னேன்.

டேங்கர்கள் வந்து ஊற்றிய அன்று மாலை, ஊரிலிருந்து நைனா, என் அப்பா, போனில் பேசினார். "டேங்கர்காரன் இன்னிக்கும் வர்ல பாப்பா. எவனோ குளத்துக்கு ரெண்டாந்தபா ஊத்திக்கினு கீறானாம். மாடு தண்ணிக்குக் கத்துது. உன் லைனுதான? எவன்னு கேட்டுச் சொல்லேன்."

"கேக்குறேன் நைனா."

டேங்கர் என் எதிரில்தான் நின்றது. ஒரு லோடையாவது ஊருக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் வேலை தாமதமாகும்; ஏன் என்று எங்கள் திருப்பதி ஆபீசில் கேட்டால் அந்த டிக்கைக் காட்ட வேண்டும். அதையும் குளத்திலேயே ஊற்றச் சொல்லிவிட்டு, பட்டியலை எடுத்து, ஆறாவது லோடு என்று குறித்துக்கொண்டேன்.