கேட்காமல் பிடித்த உபயக் காசு

லண்டனில் செவன் கிங்ஸ் ஸ்டேஷனைத் தாண்டி இல்ஃபோர்ட் பக்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் கடை ஏப்ரனைக் கழற்றாமல் வந்துவிட்டது தெரிந்தது. கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வேலையும் போய்விட்டது, படுக்கையும் போய்விட்டது. அதைவிட, முதலாளி சொன்னதுதான் எரிந்துகொண்டிருந்தது.

அவருடைய பலசரக்குக் கடையில் நாங்கள் மூன்று பேர். கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயம் அவருடையது. செலவும் அவருக்கு, மரியாதையும் அவருக்கு. அதற்கென்று மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் பிடித்தார். கேட்கவில்லை, பிடித்தார். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கனுக்கும் பிடித்தார். உபயத்தன்று சாமி தூக்கியது நாங்கள். சங்கற்பத்தில் ஐயர் வாசித்தது முதலாளி வீட்டாரின் பெயர்களையும் நட்சத்திரங்களையும், கனடாவில் இருக்கும் மருமகன் உட்பட. எங்களில் ஒருவனுடையதும் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வெள்ளைக்காரன் எங்கள் இலங்கையில் நாய்க்கும் வேட்டைத் துவக்குக்கும் வரி போட்டது மட்டும் ஞாபகம். அமெரிக்கக்காரர் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை ஸ்டோர் ரூமில் தேயிலைப் பெட்டி உடைக்கும்போது ஃபோனில் பார்த்தேன். இந்த லண்டனிலிருந்துதான் அந்தத் தேயிலை வரி போயிருக்கிறது. இங்கிலாந்துச் சாமான் வாங்காமல், கண்ட இலையையும் அவித்துக் குடித்தார்களாம். கடைசியாக வந்த தேயிலை வரியோடு சேர்த்தும் முன்பைவிட மலிவு. அப்படியும் கொட்டினார்கள். வரி போட்ட சபையில் அவர்களுக்கென்று ஒருவனும் இல்லை.

எங்கள் முதலாளியும் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, கையோடு உபயக் காசையும் கூட்டினார். அன்று மத்தியானம் நேரே அவரிடம் போனேன்.

“அண்ணை, காசைப் பிடியுங்கோ. ஆனால் எங்கடை பேரையும் நட்சத்திரத்தையும் ஐயரிட்டைக் குடுங்கோ.”

“உங்கடை நட்சத்திரமெல்லாம் வாசிச்சால் விடிஞ்சுபோம். கையிலை குறையேல்லைத்தானே, பிறகென்ன?”

“அமெரிக்கக்காரனுக்கும் மலிவாத்தான் குடுத்தவங்கள். அவன் கடலிலை கொட்டினவன்.”

“அப்ப நான் ஆர், இங்கிலாந்து ராசாவோ?”

“ராசாவும் கேக்கேல்லை.”

சாமான் வாங்க நின்ற சனம் சிரித்துவிட்டது. அவர் முகம் கறுத்தது. “மேலை போய் உன்ரை பையை எடு. கோயில் காசுக்கு நியாயம் கேக்கிறவன் எனக்கு வேண்டாம்.”

மேலே இருந்த அறையும் அவருடையதுதான். மற்ற இருவரும் தலை நிமிராமல் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள், “வேதக்காரன் எனக்கு ஆரடா நட்சத்திரம் பாத்தது?” என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தியவன் மன்னார்க்காரன்.

இல்ஃபோர்டில் ஃபோன் அடித்தது. அவன்தான்.

“மச்சான், வாய் திறக்க ஏலாமல் போச்சு. எனக்குப் பிள்ளையள் இருக்கு. தோர்ண்டன் ஹீத்திலை சித்தப்பா மீன்கடை வைச்சிருக்கிறார். போ, படுக்க இடமும் தருவார்.”

அவனை நன்றாகத் திட்டிவிட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மீன்கடையில் முதல் கேள்வியை நான்தான் கேட்டேன்.

“ஐயா, சேர்ச்சுக்கெண்டு சம்பளத்திலை பிடிப்பியளோ?”

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கேட்டால் தருவீரோ?”

“இல்லை.”

“அப்ப பிடிக்கமாட்டன். அந்த ஏப்ரனைப் போடும்.”

ஐஸ் பெட்டி நிறைய விளைமீன். கோபம் ஆறாத கையோடு செதில் சுரண்டத் தொடங்கினேன்.