மாமியார் கேட்காத பாட்டு

சஹாரா ஓரத்து அகடெஸ் நகரத்தில் அட்டாஹெரின் கித்தார் இல்லாமல் நடந்தால் அது கல்யாணமே இல்லை என்பார்கள். அந்தக் கித்தாரை நேரில் கேட்காத ஒரே ஆள் அவனுடைய மாமியார் அசலமாதான். அங்கே முகத்தை மூடுவது ஆண்கள்தான்; மாமியார் எதிரில் மருமகன் முகத்துணியை வாய்க்குக் கீழே இறக்கக் கூடாது. வாயைத் திறந்து சாப்பிடவே கூடாது, இதில் பாடுவதாவது! மரியாதை தெரிந்த மாமியாரும் அவன் பாடுகிற தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

மகள் லல்லா செல்போனில் போட்டுக் காட்டுவாள். "நல்லாத்தான் இருக்கு" என்பாள் அசலமா, கஷாயம் குடித்த முகத்தோடு. செல்போனின் தகரச் சத்தத்தால் அவளை ஏமாற்ற முடியுமா? குமரியாக இருந்தபோது கூடார வெளியில் மேளம் அடித்தவள். அவள் அடிக்க அடிக்க வாலிபர்கள் ஒட்டகமேறிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதில் ஒருவனைத்தான் கட்டிக்கொண்டாள். பஞ்சம் ஒட்டகங்களைக் கொண்டுபோனது. நகரத்துக்கு வந்து மண்வீட்டில் ஒடுங்கினார்கள். பிறகு அவனும் போய்ச் சேர்ந்தான்.

அடுத்த வாரம் மகளும் மருமகனும் அல்ஜீரியாவுக்குக் குடிபோகிறார்கள். இனி எங்கே கேட்பது? மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ரைஷாவின் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒரு சாயங்காலக் கல்யாணத்தில் பெண்கள் நடுவே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அசையாம இருடி. உன்னைக் கண்டான்னா கித்தாரைப் போட்டுட்டு ஓடிருவான்" என்றாள் ரைஷா.

கார் பேட்டரியில் ஸ்பீக்கர் உறுமியது. அட்டாஹெர் இன்னும் வாய் திறக்கவில்லை, கம்பியை மட்டும் மீட்டினான். அசலமாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது அவளுடைய மேளத்தின் நடை, ஒட்டகங்கள் சுற்றிவந்த நடை. உட்கார்ந்திருந்த மணலே அதிர்ந்தது. பெண்களோடு கைதட்டியவள் தன்னை மறந்து குலவையிட்டுவிட்டாள். அப்படி உச்சத்தில் உருட்டிக் குலவையிட அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

கித்தார் நின்றது. அட்டாஹெர் முகத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டுத் தலைகுனிந்தான்.

"மானத்தை வாங்கிட்டியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ரைஷா.

"மாமியாருக்கு வந்த ஆசையைப் பாரு!" என்றார் ஒருவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தான் இருக்கிறவரை அவன் பாட மாட்டான் என்று அசலமாவுக்குத் தெரியாதா? கூனிக்குறுகி எழுந்து கல்யாண வீட்டு மதில் வாசலைத் தாண்டி வெளியே நடந்தாள். ரைஷாவும் பின்னால் ஓடினாள். அப்போது உள்ளே ஒருவன் கத்தினான்.

"யோவ் மச்சான், ஸ்பீக்கரை ஏன்யா மதில் பக்கம் திருப்பறே? எங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"உங்களுக்கு நாளைக்கும் கேக்கும்" என்றான் அட்டாஹெர்.

அசலமா நடந்த இடத்திலேயே நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கித்தார் முதலிலிருந்து தொடங்கியது. கூடவே குரலும் வந்தது. துணி விலகிய வாயிலிருந்து வரும் முழுக்குரல்.

அவள் மதிலில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இப்ப எதுக்குடி அழறே?" என்றாள் ரைஷா.

"லல்லா செல்போன்ல போட்டாளே, அது எவனோ பாடினதுடி" என்றாள் அசலமா. "என் மருமகன் இல்லை."