உறுப்பினர் அல்லாதவர்

அடிபிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார் கணவர். அந்த வாரம் முழுக்க அது அவர் வேலையாகிவிட்டது.

"உன் கோபத்துக்குப் பாத்திரம் என்ன பண்ணும்? செயலாளர் மேல காட்டு."

"காட்டினதுக்குத்தானே இன்னைக்கு விசாரணை," என்றாள் அவள், ஊக்கைப் பல்லில் கடித்தபடி.

அவள் தையல்காரி. படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டித் துணி மாற்றிவிடும் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே உறுப்பினர். மாமியார் விழுந்து கிடந்தபோது பழகிய கை, அவர் போன பிறகும் சும்மா இருக்கவில்லை. பேச்சில் தேன் ஒழுகாது. ஆனால் எந்தப் புண்ணைப் பார்த்தும் முகம் சுளித்ததில்லை.

பக்கவாதத்தில் பேச்சிழந்த டீச்சர் ஒருவரை அவள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, செயலாளர் ஒரு நன்கொடையாளரோடு கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்து படம் எடுத்தார். அவள் ஈரக் கையாலேயே இருவரையும் வெளியே தள்ளித் தாழ் போட்டாள். நன்கொடையாளரை அவமதித்தாள் என்று சங்கத்திலிருந்து நீக்கினார்கள். படம் சட்டம் போட்டுச் சங்க அறைச் சுவரில் ஏறியது.

அந்த டீச்சருக்கு வருடக்கணக்கில் ரவிக்கை தைத்தவள் அவள். "கழுத்து இன்னும் ஒரு விரக்கடை மேலயே இருக்கட்டும்மா. பசங்க முன்னால நிக்கிறவ நான்," என்பார் ஒவ்வொரு தடவையும். இப்போது தோள் திறந்தபடி, வருகிறவன் போகிறவனெல்லாம் பார்க்கச் சுவரில் இருக்கிறார். 

உறுப்பினர் தகராறு என்றால் வெளியாள் ஒருவர் நடுவராக இருந்து தீர்க்க வேண்டும் என்பது சங்க விதி. வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். படத்துக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"அக்கா மேல எனக்கு மரியாதை உண்டு சார்," என்று ஆரம்பித்தார் செயலாளர். "ஆனா அந்தப் பெரிய மனுஷர் மூஞ்சி பூரா சோப்பு நுரை!"

"நுரையோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. வெந்நீர்ச் சொம்பு கைக்கு எட்டலை."

நடுவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். நியாயமான மனிதர்தான். விளக்கம் கேட்காமல் நீக்கியது செல்லாது, அவள் உறுப்பினராகத் தொடரலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

"சந்தோஷம்தானேம்மா?"

"படத்தை எப்போ எடுப்பாங்க?"

"அது இதுல வராதும்மா. உறுப்பினர் தகராறை மட்டும்தான் நான் விசாரிக்கலாம். டீச்சர் உறுப்பினர் இல்லையே. அவங்க புகாரும் கொடுக்கலை."

"வாயே வராதவங்க எப்படி சார் புகார் கொடுப்பாங்க?"

"அவங்க மகன் சம்மதிச்சாச்சுக்கா," என்றார் செயலாளர்.

"அப்போ மகனைக் குளிப்பாட்டிப் படம் எடுத்து மாட்ட வேண்டியதுதானே!"

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அவள் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஆணி கொஞ்சம் முரண்டு பிடித்தது. சட்டத்தை ஆட்டி, சுண்ணாம்பு உதிர உதிரக் கழற்றினாள்.

"அக்கா, அது சங்கச் சொத்து! இப்பத்தான் உள்ள சேர்த்திருக்கு, அதுக்குள்ளயா? மறுபடியும் நீக்க வேண்டி வரும், சொல்லிட்டேன். காதுல விழுதா?"

டீச்சரின் முகம் தன் பக்கம் இருக்கும்படி சட்டத்தை அணைத்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி அவள் வெளியே போனாள்.