பாஸ்கலின் பங்கு

சனிக்கிழமை சாயங்காலம் தனராஜ் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினால், கிளாடிஸ் முகம் கழுவிக்கொண்டுதான் வெளியே வருவாள். "பாஸ்கல் பங்கு, தங்கச்சி" என்று அவர் ஒரு காக்கிக் கவரை நீட்டுவார். அதை வாங்கிப் புருசன் படத்துக்கு முன்னால் வைத்து, சிலுவை போட்ட பிறகுதான் பிரிப்பாள். பாஸ்கல் செத்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை.

திரேஸ்புரத்தில் பாஸ்கல் மீன்பிடிக்கப் போன வள்ளத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஆள் போய்விட்டால் அவன் பங்கை உடனே வெட்டிவிட மாட்டார்கள். செத்து ஒரு வருடம் கழித்து வைக்கிற வருசப் பூசை முடியும்வரை, மற்றவர்களுக்கு என்ன விழுகிறதோ அதே பங்கு அவன் வீட்டுக்கும் போகும். பாஸ்கல் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். மகள் சுஜிதா நர்சிங் கல்லூரியில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்தான். வருசப் பூசை முடிந்த பிறகும் பங்கு நிற்கவில்லை. "பிள்ளை படிச்சு முடிக்கட்டும்னு வள்ளத்துல எல்லாரும் பேசி வச்சிருக்கோம்" என்றார் தனராஜ். வள்ளத்தை நடத்துகிற தண்டல் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாயும் மகளும் நம்பினார்கள். நம்புவதற்கென்ன, காசா பணமா!

கிளாடிஸுக்கு அதில் பெருமை வேறு. "எங்க வீட்டு ஆளு செத்தும் என்னை ஒருத்தர்ட்ட கையேந்த விடல" என்று குழாயடியில் சொல்லிக்கொள்வாள். கப்பலில் இருந்து மாசாமாசம் சம்பளம் அனுப்புகிறவனின் பெண்டாட்டி மாதிரி ஒரு தோரணை. பாவம், அந்தத் தோரணைதான் அவளைச் சாப்பிட வைத்தது, தூங்க வைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருசப் பூசை கழிந்த அந்த வாரம், கவரைக் கொடுத்த பிறகும் தனராஜ் போகாமல் நின்றார்.

"ஏளா சுஜிதா, பேங்க்ல படிப்புக்குக் கடன் குடுக்காவளாமே. கேட்டுப் பாத்தியா?"

கிளாடிஸ் முந்திக்கொண்டாள். "கடன் எதுக்குண்ணே? அவ அப்பா பங்கு இருக்கும்போது?"

சுஜிதாவும் விடவில்லை. "வேண்டாம் மாமா. வேலைக்குப் போனா மொதல்ல பன்னெண்டாயிரம்தான் குடுப்பாவ. அதுல கடனை அடைச்சா வீட்டுக்கு என்ன மிஞ்சும்?"

கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக அன்று அவளுக்கு நினைப்பு. மனுசன் எதற்குக் கேட்டார், எதை மென்று விழுங்கினார் என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. "அதுவும் சரிதான்ளா" என்றுவிட்டுப் போனார்.

இப்போது கடைசி வருடம். எண்பதாயிரம் கட்ட வேண்டும். அந்த மாதம் சுஜிதாவுக்குத் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஒரு மத்தியானம், நசுங்கிய விரலைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தான். தனராஜின் மகன் கிளைட்டன். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற இயந்திரத்தில் கை போய்விட்டதாம்.

"ஐஸ் கம்பெனியா? நீ இன்ஜினியரிங்லா படிச்சே?"

"அதை விட்டு ரெண்டு வருசம் ஆவுது. ஃபீஸ் கட்ட முடியல."

"ஏன்லே? மாமாவுக்கு என்ன, தண்டலுக்கு ரெண்டு பங்குல்லா?"

வலி இல்லாவிட்டால் அவன் சொல்லியிருக்க மாட்டான். "ரெண்டுல ஒண்ணு உங்க வீட்டுக்குல்லா வருது. வருசப் பூசையோட உங்கப்பா பங்கை நிறுத்திட்டாவ. மத்தவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கே, அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? எங்கப்பாதான் மனசு கேக்காம தன் பங்கைக் கவர்ல போட்டுக் கொண்டாராரு. உங்க வீட்டுல வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எனக்கும் வள்ளத்துல எல்லாருக்கும் உத்தரவு."

சுஜிதா பஞ்சைக் கீழே வைத்தாள். "நீ பேங்க்ல கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். அப்பா கையெழுத்து வேணும்னாவ. 'அப்பன் இல்லாத பிள்ளையே கடன் வேண்டாம்னுட்டா, அப்பன் இருக்க நீ கேக்கியே, வெக்கமா இல்லயாலே'ன்னு ஏசிட்டாரு. விடு, அது முடிஞ்ச கதை. நீ கட்டுப் போடு."

கட்டுப் போட்டாள். அவன் போன பிறகு கழிப்பறைக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தை இன்னொருவன் படிப்பைத் தின்றிருக்கிறதே!

இன்னும் ஒரே ஒரு வருடம். பேசாமல் இருந்துவிட்டால் பட்டம் கையில். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. அந்த ஆசையும் அவளுக்கு வந்தது, பொய் எதற்கு? இரண்டு நாள் அப்படியே திரிந்தாள். மூன்றாம் நாள் வங்கிக்குப் போனாள். அங்கே அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. "பங்கு பத்தலம்மா. லோன் வாங்கிருவோம்" என்று விண்ணப்பத்தை நீட்டினாள்.

"பத்தலன்னா அண்ணன்ட்ட கேட்டா முன்கூட்டிக் குடுப்பாவ. இதுக்குப் போய் கடனா?" என்று கிளாடிஸ் கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்தது. சொன்னபடியே கிளாடிஸ் கேட்டாள். "அண்ணே, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். அவுக பங்குல ஒரு எண்பதாயிரம் முன்னாடியே தாங்க. பொறவு வாராவாரம் கழிச்சுக்கிடுங்க."

தனராஜ் தலையைச் சொறிந்தார். "சரி தங்கச்சி. பாக்கேன்."

பார்க்கிறாராம்! எங்கே பார்ப்பார்? சுஜிதாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மாமா, போதும். கிளைட்டன் எல்லாம் சொல்லிட்டான். இது எங்கப்பா பங்கு இல்ல. உங்க பங்கு."

"அவன் கிடக்கான், கிறுக்குப்பய" என்று தனராஜ் ஆரம்பித்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் காசைக் கொண்டுபோய் அவனைத் திரும்பச் சேருங்க மாமா. உங்க காலைப் பிடிச்சிக் கேக்கேன்."

"கேட்டுப் பாத்துட்டேன்ளா. போன வருசமே கேட்டேன். 'கூடப் படிச்சவன்லாம் முடிச்சிட்டுப் போறான், நான் போய் எவன் பக்கத்துல உக்கார'ன்னுட்டான்."

கிளாடிஸ் கையில் கவர் அப்படியே இருந்தது. அன்று அதைப் படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. தனராஜின் மடியில் வைத்தாள். உள்ளே போய்ப் பேனாவைத் தேடி எடுத்து வந்து, வங்கி விண்ணப்பத்தில் சுஜிதா காட்டிய இடங்களிலெல்லாம் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். பிறகு தனராஜின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. அவுக பங்கு கடைசியா வந்தது எந்தச் சனிக்கிழமை?"

தனராஜ் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. கிளாடிஸ் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, பாஸ்கலைக் கரையில் இறக்கிய அன்று அழுத மாதிரியே அழுதாள். பக்கத்து வீடுகளில் இருந்து ஆட்கள் ஓடி வந்து, யார் இறந்தது என்று சுஜிதாவைக் கேட்டார்கள்.