தராசில் ஏறிய சிலிண்டர்

என் வீட்டுக்காரருக்குப் பட்டுக்கடையில் எடை பார்க்கிற வேலை. நெசவாளருக்குக் கொடுத்த பட்டும் ஜரிகையும் புடவையாகத் திரும்பி வரும்போது, கொடுத்த எடைக்கு இம்மி குறைந்தாலும் ஆளை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். வீட்டு வாசலுக்கு வரும் கேஸ் சிலிண்டரை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் உருட்டி உள்ளே தள்ளுவார். கேட்டால், "மனுஷன நம்பணும்மா" என்பார். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் நெசவாளருக்கும் பங்கு கொடுத்திருக்கலாம்.

கேஸ் சீக்கிரம் தீர்ந்தால் அந்த நம்பிக்கை என்மேல் மட்டும் இருக்காது. கருடசேவை பார்க்க அவருடைய அக்கா வந்திருந்த அன்று, சாம்பார் பாதி கொதிக்கையில் அடுப்பு அணைந்துவிட்டது. "இவளுக்கு அடுப்ப சிம்முல வெக்கவே தெரியாதுக்கா" என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்ல, அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பால் காய்ச்சினாலும் பக்கத்திலேயே நின்று அணைக்கிறவள் நான். ஊதாரி என்ற பெயரோடு இந்த வீட்டில் காலம் தள்ள எனக்கு இஷ்டமில்லை.

அடுத்த சிலிண்டர் வந்த காலையில் அவர் கடைக்குப் போயிருந்தார். டெலிவரிக்காரரை வாசலிலேயே மறித்தேன்.

"எடை போட்டுக் காட்டுப்பா."

"தராசு ரிப்பேருக்கா."

"போன தடவயும் ரிப்பேருதான். இன்னா, ஆஸ்பத்திரியில சேத்திருக்கியா?"

அந்த நேரம் பார்த்துப் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு வந்தார். அவருடைய கொக்கித் தராசில் சிலிண்டரை மாட்டச் சொன்னேன். கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெறும் சிலிண்டரின் எடையை அதன்மேலேயே எழுதியிருக்கிறார்கள். அதோடு பதினாலு கிலோ இருநூறு கிராம் கேஸ் இருக்கவேண்டும். தராசு காட்டிய எடையில் கேஸ் பாதிகூட இல்லை.

டெலிவரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவரு தராசுல என்னத் தொங்கவிட்டாலும் பச்சக் கொழந்த எடைதான்கா காட்டும்."

பேப்பர்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரப் பாத்து இன்னா பேசுற?" என்று கத்தியவர், என் பக்கம் குனிந்து, "அது பேப்பர் வாங்கறப்ப வெக்கிற செட்டிங்குக்கா. இரு, மாத்திடறேன்" என்று ஒரு பொத்தானை அமுக்கினார். அடப்பாவி! எத்தனை வருஷத்துப் பேப்பரை இந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன்! அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளே போய்ப் பிரிக்காத சர்க்கரைப் பாக்கெட்டுகளை எடுத்துவந்து மாட்டிப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது. மறுபடி சிலிண்டரை மாட்டினோம். இப்போதும் இரண்டு கிலோ குறைந்தது.

அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். டெலிவரிக்காரரின் சிரிப்பு நின்றது. வண்டி சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தன் தராசை எடுத்தார். ரிப்பேரெல்லாம் அந்த நிமிஷமே குணமாகியிருந்தது. வேறு சிலிண்டரை இறக்கி, மாட்டி, சரியான எடையைக் காட்டி, "போதுமாக்கா?" என்றார்.

"எனக்குப் போதும்பா. எதிர் வீட்டுக்கும் போட்டுக் காட்டு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே காட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "பேப்பர்காரன் பேச்சக் கேட்டுக்கினு கேஸ்காரன்கிட்ட சண்டைக்குப் போனியா?" என்று சிரித்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சிலிண்டர் வழக்கத்தைவிட அதிக நாள் வந்தது. சமையலும் அதேதான், அடுப்பும் அதேதான். ஒருநாள் தோசை தின்றுகொண்டே அவர் போனில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இப்பதான்கா இவ தேறியிருக்கா. அன்னிக்கி உன் எதிர்ல சொன்னேன் பாரு, அது சுருக்குன்னு பட்டிருக்குது. கேஸு எப்படி மிச்சமாவுது தெரியுமா!"

கல்லில் ஊற்றின தோசை பாதி வெந்திருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"இன்னாத்துக்கு அணைச்ச? எனக்கு இன்னும் ரெண்டு வேணும்" என்றார்.

"கேஸ மிச்சம் பண்றேங்க. மீதிய ஓட்டல்ல போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.